பதிவேடு கணினிக்குப் போனது; சிகிச்சை தேறியதா?

#1 இரவுப்பணி

வணக்கம். வார்டில் செவிலியராகப் பதினாறு வருடம். இப்போது தரக் குழுவிலும் என்னைப் போட்டிருக்கிறார்கள். காகித கேஸ் ஷீட்டை விட்டு மின்னணுப் பதிவேட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மாதக் கூட்டத்தில் காட்டும் அட்டவணை முழுக்கப் பச்சை. வலி மதிப்பீடு பதிவாகிறது, கீழே விழும் அபாயம் பதிவாகிறது, எல்லாம் பதிவாகிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அம்மாவுக்குப் பென்சிலின் வகை ஊசி எழுதியிருந்தது. கணினி ஒன்றும் சொல்லவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனபோது அவரே, "எனக்கு பென்சிலின் ஒத்துக்காதுன்னு போன தடவையே சொன்னேனேம்மா" என்றார். தேடிப் பார்த்தேன். சொல்லியிருக்கிறார், எழுதியும் இருக்கிறார்கள். எட்டு மாதத்துக்கு முந்தைய வெளிநோயாளி குறிப்பில், ஏழாவது வரியில். ஒவ்வாமைக்கென்றே இருக்கும் கட்டம் மட்டும் காலி. அது காலியாக இருந்தால் கணினியைப் பொறுத்தவரை அவருக்கு ஒவ்வாமையே இல்லை.

காகிதக் காலத்தில் இதைச் சிவப்பு மையில் ஃபைல் அட்டையிலேயே எழுதி வைப்போம். அந்த அம்மா மயக்கத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கேள்வி இதுதான். இந்தப் பதிவேட்டால் நோயாளிக்கு உண்மையிலேயே நல்லது நடந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எதனால் நடந்தது? விற்க வருகிறவர்கள் சொல்வது எனக்குத் தெரியும், அது வேண்டாம்.

#2 பழைய_ஸ்டெதாஸ்கோப்

சிஸ்டர், நேர்மையான கேள்வி. என் பதிலும் நேர்மையானதுதான்: பார்த்ததில்லை.

நான் பார்ப்பது வேறு. 2016இல் அமெரிக்காவில் மருத்துவர்கள் பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்து நேரம் குறித்தார்கள். நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கணினிக்கும் மேசை வேலைக்கும் போகிறது என்று தெரிந்தது. என் கதையும் அதுவே. நோயாளி பேசும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, டிராப்-டவுனில் 'நெஞ்சு வலி' எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன்.

இன்னொன்று காப்பி-பேஸ்ட். 'அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்றாம் நாள், நோயாளி நலம்' என்ற வரி பத்தாம் நாளும் அப்படியே இருக்கும். நலமாக இருந்தவர் ஐ.சி.யூ.வுக்குப் போன பிறகும் இருக்கும். முன்பு அரைப் பக்கம் எழுதுவோம், அதில் விஷயம் இருக்கும். இப்போது ஒன்பது பக்கம் அச்சாகிறது. விஷயத்தை நீங்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

#3 மருந்தறை

டாக்டர், அந்த அரைப் பக்கத்தைப் படிக்க வேண்டியிருந்தது நாங்கள். அதை மறந்துவிடாதீர்கள் :)

மருந்தாளுநர் தரப்பிலிருந்து சொல்கிறேன். கையெழுத்துச் சீட்டில் 1.0 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். புள்ளி மங்கலாக இருந்தால் அது 10. பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துகள் வேறு. யாரையாவது போனில் பிடித்துக் கேட்கலாம் என்றால் எதிர்முனையில் எரிச்சல். மருந்து உத்தரவைக் கணினியில் நேரடியாகப் போட ஆரம்பித்ததும் இந்த வகைத் தவறு எங்களிடம் அடியோடு குறைந்தது. பாஸ்டனில் பிரிகாம் மருத்துவமனையில் செய்த ஆய்வு 1998இல் வந்தது. ஆபத்தான மருந்துத் தவறுகள் பாதிக்கு மேல், 55 சதவீதம், குறைந்ததாகச் சொல்கிறது. நீங்கள் எழுதிய மருந்து எழுதியபடியே என்னிடம் வருகிறது. இது நோயாளிக்கு நல்லது இல்லையா?

#4 பழைய_ஸ்டெதாஸ்கோப்

> இது நோயாளிக்கு நல்லது இல்லையா?

2005இல் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த கட்டுரையையும் படியுங்கள். வேறு இடங்களிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகளில் இறப்பு 2.80 சதவீதமாக இருந்தது, கணினி உத்தரவு முறை வந்த பிறகு 6.57 சதவீதம் ஆனது. உத்தரவு எழுதியபடியே போய்ச் சேர்ந்திருக்கும், சந்தேகமில்லை. குழந்தைதான் இல்லை.

#5 தரவுத்தச்சன்

டாக்டர் சொல்லும் கட்டுரை உண்மையானது. இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டியது. ஆனால் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

அங்கே என்ன நடந்தது? முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே மருந்துக்குச் சொல்லிவிடுவார்கள், குழந்தை வந்து இறங்கும்போது மருந்து தயாராக இருக்கும். புதிய முறையில், குழந்தை வந்து சேர்ந்து பதிவான பிறகுதான் உத்தரவு போட முடியும். வார்டிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருந்த மருந்துகளையும் அதே சமயத்தில் மைய மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு வரி உத்தரவுக்கு ஏகப்பட்ட கிளிக். கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் திரையைச் சுற்றி நின்றார்கள். உயிர் ஊசலாடும் முதல் ஒரு மணி நேரத்தில் இதெல்லாம் நடந்தால் எப்படி இருக்கும்?

மீதிப் பாதியைக் கேளுங்கள். அதே மென்பொருளை சியாட்டிலில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையும் போட்டது. அங்கே இறப்பு கூடவில்லை. ஸ்டான்ஃபோர்டு குழந்தைகள் மருத்துவமனையில் இதே போன்ற உத்தரவு முறை வந்த பிறகு இறப்பு 20 சதவீதம் குறைந்ததாக 2010இல் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் விழுந்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அடிக்கடி வரும் அவசரங்களுக்கு உத்தரவுத் தொகுப்புகளை முன்கூட்டியே கட்டி வைத்தார்கள். ஆகவே, "கணினி நல்லதா கெட்டதா" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது என்பது என் கருத்து. அது வந்ததும் யாருடைய கை எங்கே போக வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

#6 பழைய_ஸ்டெதாஸ்கோப்

சரி, சியாட்டில் விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். காப்பி-பேஸ்ட் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

#7 ஐந்து_ஃபைல்

நான் மருத்துவத் துறையில் இல்லை. அப்பாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த மகள். பெயரைப் பார்த்தாலே தெரியும், ஐந்து இடம், ஐந்து ஃபைல்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் அளவு, அப்பாவுக்கு ஒரு வருடத்தில் மெல்ல மெல்ல ஏறியது. ஒவ்வொரு லேப் ரிப்போர்ட்டிலும் அது 'எல்லைக்குச் சற்று மேல்'. ஒவ்வொரு மருத்துவரும் "கொஞ்சம் கூடியிருக்கு, பார்த்துக்கலாம்" என்றார். யாரும் தவறாகச் சொல்லவில்லை. ஒருவர் கையிலும் நான்கு ரிப்போர்ட்டும் ஒன்றாக இல்லை, அவ்வளவுதான். நான் ஒரு நோட்டில் தேதி போட்டு வரிசையாக எழுதி, சிறுநீரக மருத்துவரிடம் காட்டினேன். அரை நிமிடம்தான் பார்த்தார். "இந்த வலி மாத்திரை யார் கொடுத்தது?" என்று கேட்டார். அதை நிறுத்தினார்கள். ஏற்றம் நின்றது.

எந்தப் பெரிய கணினியும் செய்யாத வேலையை நாற்பது பக்க நோட்டு செய்தது. கணினி இதைச் செய்யும் என்றால் நான் அதற்குக் கற்பூரம் காட்டவும் தயார்.

#8 தரவுத்தச்சன்

உங்கள் நோட்டு செய்த வேலைக்கு இரண்டு பெயர் இருக்கிறது: ஒருங்கிணைப்பு, போக்கு வரைபடம். பதிவேட்டின் மொத்தப் பயனையும் ஒரே உதாரணத்தில் சொல்லிவிட்டீர்கள்.

தொழில்நுட்பமாக இது தீர்ந்த பிரச்சினை என்றே சொல்லலாம். கிரியேட்டினின் பரிசோதனையை ஒரு லேப் ஒரு பெயரிலும் இன்னொன்று வேறு பெயரிலும் எழுதும். எல்லாருக்கும் ஒரே குறியீடு இருக்கட்டும் என்று 1994இலேயே லாயிங்க் (LOINC) என்ற குறியீட்டுப் பட்டியல் தொடங்கப்பட்டது. இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ள மருத்துவத் தரவுக்குத் தரங்கள் வகுக்கும் எச்.எல்.7 அமைப்பின் ஃபயர் (FHIR) தரம் இருக்கிறது. ஆனால் தரவைப் பகிர்ந்தால் நோயாளி எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் இருக்கிறதே, அதற்கு எந்தக் குறியீடும் கிடையாது. அமெரிக்காவில் 2009இல் சட்டம் போட்டு, கோடி கோடியாக ஊக்கத்தொகை கொடுத்து மருத்துவமனைகளைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் எல்லாம் வந்துவிட்டன. ஒன்றோடொன்று பேச மட்டும் மறுத்தன. தகவலை அடைத்து வைப்பதைத் தடுக்க 2016இல் இன்னொரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

#9 மருந்தறை

@ஐந்து_ஃபைல், நீங்கள் செய்த இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் படித்தீர்கள். நோயாளிகள் தங்கள் குறிப்பைத் தாங்களே படிக்கலாம் என்று 2010இல் பாஸ்டன் உட்பட மூன்று இடங்களில் சோதனை தொடங்கினார்கள். "நோயாளி பயந்துவிடுவார், எங்களுக்கு போன் மேல் போன் வரும்" என்று மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் 2020இல் வந்த ஆய்வில், குறிப்பைப் படித்த நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் தவறு இருக்கிறது என்றார். அவர்களில் பத்தில் நான்கு பேர் அது பெரிய தவறு என்றார்கள்.

முதல் பதிவில் வந்த அந்த அம்மாவும் ஒரு விதத்தில் இதே வேலையைத்தான் செய்தார்.

#10 இரவுப்பணி

எல்லாருக்கும் நன்றி. அந்த ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோமா? நாளை காலை தரக் குழுவில் பேச வேண்டும். "அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிடுவோம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி செய்வோம்" என்கிறார் எங்கள் ஐ.டி. மேலாளர். எனக்கு ஏனோ உறுத்துகிறது.

#11 தரவுத்தச்சன்

உறுத்த வேண்டும். கட்டாயமாக்கினால் இரண்டே நாளில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று இருக்கும். அவசரத்தில் இருக்கிறவர் எதைத் தட்டினால் பக்கம் நகருமோ அதைத் தட்டுவார். இப்போது காலியாக இருப்பதையாவது யாராவது சந்தேகப்படலாம். பொய்யான 'இல்லை'யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான் முதலில் செய்வது, 'கேட்டோம், இல்லை', 'இன்னும் கேட்கவில்லை', 'கேட்டோம், தெரியவில்லை' என்று மூன்றாகப் பிரிப்பது. இவை மூன்றும் வேறு வேறு. 'இன்னும் கேட்கவில்லை' என்று இருப்பவர்களின் பட்டியல் தினமும் ஒருவரிடம் போக வேண்டும். யாரிடம் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆனால் அது ஒரு ஆளாக இருக்க வேண்டும், 'குழு' வேண்டாம்.

அடுத்து எச்சரிக்கைகள். அந்த அம்மாவின் ஒவ்வாமை சரியாகப் பதிவாகி அலர்ட் வந்திருந்தாலும் மருத்துவர் அதைப் பார்த்திருப்பார் என்று உறுதி இல்லை. மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை தள்ளிவிடப்படுகின்றன என்று 2006இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. மருத்துவர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. 'மாத்திரை சாப்பிட்டால் வயிறு எரிகிறது' என்பதையும் 'மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டது' என்பதையும் ஒரே கட்டத்தில் 'ஒவ்வாமை' என்று போட்டு வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பெட்டி எழும்புகிறது. நாற்பது முறை வீணாக எழும்பிய பெட்டியை நாற்பத்தொன்றாவது முறை யார் படிப்பார்கள்?

2013இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதின்ம வயதுப் பையன் ஒருவனுக்கு ஒரு மாத்திரை கொடுக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டரை மாத்திரை போனது. மருத்துவர் 160 என்று போட்டார். திரை அதை மில்லிகிராமாக எடுத்துக்கொள்ளவில்லை, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 160 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டது. அலர்ட் வந்தது, மருத்துவருக்கும் வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. தினமும் தள்ளிவிடும் நூறோடு அதையும் தள்ளிவிட்டார்கள். ரோபோ எண்ணிக் கட்டிக்கொடுத்தது. செவிலியருக்குச் சந்தேகம் வந்தது. பார்கோடை ஸ்கேன் செய்து பார்த்தார், 'சரியான டோஸ்' என்றது கருவி. உத்தரவே தப்பு என்பது கருவிக்கு எப்படித் தெரியும்? பையனுக்கு வலிப்பு வந்தது, பிறகு பிழைத்துக்கொண்டான்.

#12 பழைய_ஸ்டெதாஸ்கோப்

முப்பத்தெட்டரை. அந்த அரை மாத்திரைதான் என்னைக் கலங்கடிக்கிறது. அதைக்கூடத் துல்லியமாக உடைத்துக் கொடுத்திருக்கிறது பாருங்கள்.

#13 பூஜ்யம்ஒன்று

இழையைத் தாமதமாகப் பார்க்கிறேன். நான் மென்பொருள் எழுதுபவன். இதெல்லாம் ஏன் மனிதர்கள் செய்ய வேண்டும்? குறிப்பின் ஏழாவது வரியில் ஒவ்வாமை இருந்தால் அதை ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளே படித்து எடுத்துவிடுமே. தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸ் வரப்போவதைக்கூட முன்கூட்டியே சொல்கிறார்கள். கட்டம், டிராப்-டவுன் காலம் முடிந்துவிட்டது.

#14 எண்ணிக்கை

@பூஜ்யம்ஒன்று, ஏழாவது வரியைக் கண்டுபிடித்து "இதை ஒவ்வாமைப் பட்டியலில் சேர்க்கலாமா?" என்று ஒரு மனிதரிடம் கேட்கும் அளவுக்கு என்றால் நானும் உங்கள் கட்சி. செப்சிஸை ஏன் இழுத்தீர்கள்!

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த, செப்சிஸைக் கணிக்கும் ஒரு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேரை அது தவறவிட்டிருந்தது. ஆனாலும் உள்நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு மணி அடித்திருந்தது. தரவுத்தச்சன் சொன்ன சிவப்புப் பெட்டிக் குவியலில் இன்னும் ஒரு மூட்டை.

2019இல் வந்த இன்னொன்று இதைவிட மோசம். யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று சொல்ல வேண்டிய ஒரு கணிப்புமுறை, நோயின் தீவிரத்துக்குப் பதிலாகக் கடந்த காலச் செலவை அளவுகோலாக வைத்திருந்தது. கறுப்பின நோயாளிகளுக்கு அதே அளவு நோய் இருந்தும் செலவு குறைவாக ஆகியிருந்தது, ஏனென்றால் அவர்களுக்குச் சிகிச்சையே குறைவாகத்தான் கிடைத்தது. ஆகவே கணிப்புமுறை அவர்களை 'நலமாக இருக்கிறார்கள்' என்று எடுத்துக்கொண்டது.

இரவுப்பணி அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பச்சை அட்டவணையில் இருப்பவை எல்லாம் செய்முறை அளவீடுகள். வலியைக் குறித்தோமா என்று கேட்கிறீர்கள், வலி குறைந்ததா என்று கேட்கவில்லை. அமைப்பு, செய்முறை, விளைவு என்று தரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்க மருத்துவத் தர ஆய்வாளர் டோனபீடியன் 1966இலேயே சொல்லிக் கொடுத்தார். கணினிக்கு எண்ண எளிதாக இருப்பது நடுவில் உள்ளது. ஆகவே எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறோம்.

விளைவை எண்ணத் தொடங்கினால் முதலில் எண்கள் மோசமாகும், அதற்கும் தயாராக இருங்கள். படுக்கைப் புண்ணைச் சரியாகப் பதிவு செய்ய ஆரம்பித்த வார்டில் படுக்கைப் புண் 'கூடும்'. புண் கூடவில்லை, கண் திறந்தது. அந்த மாதம் வார்டு பொறுப்பாளரைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டீர்கள் என்றால் அடுத்த மாதம் புண்ணே இருக்காது. பதிவேட்டில்.

#15 மருந்தறை

பார்கோடைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை. 1992இல் அமெரிக்காவில் கான்சாஸ் மாநில டொபீகாவில், முன்னாள் படைவீரர் மருத்துவமனைச் செவிலியர் சூ கின்னிக் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். ஊழியர் கையிலிருந்த கருவியால் காரின் பார்கோடைப் படித்துக் கணக்கை முடித்ததைப் பார்த்தார். "காருக்குச் செய்ய முடிவதை மருந்துக்கு ஏன் செய்யக் கூடாது?" என்று அவருக்குத் தோன்றியதில் பிறந்ததுதான் கட்டிலருகே மருந்து ஸ்கேன் செய்யும் முறை. 2010இல் பிரிகாமில் அளந்து பார்த்தபோது, நேரப் பிழைகள் நீங்கலாக, மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகள் 41 சதவீதம் குறைந்திருந்தன. யோசனை வந்தது வார்டில் வேலை செய்தவரிடமிருந்து. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

குறுக்கு வழிகளும் உண்டு. கைப்பட்டையைப் படிக்க முடியவில்லை என்று நோயாளிகளின் பார்கோடுகளை நகலெடுத்துத் தள்ளுவண்டியில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள். இதைச் செய்தவரைத் திட்டுவதற்கு முன் பட்டை ஏன் ஈரத்தில் அழிகிறது என்று பாருங்கள்.

#16 மட்டுறுத்துநர்

தனியுரிமை பற்றி வந்த நான்கு பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடருங்கள். யார் யார் தன் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள் என்பதை எஸ்டோனியாவில் நோயாளியே பார்க்க முடியும் என்ற தகவலும் அங்கேதான் இருக்கிறது.

#17 இரவுப்பணி

மூன்று மாதம் கழித்து வருகிறேன். இழை இன்னும் திறந்திருப்பதில் சந்தோஷம்.

கட்டாயக் கட்டம் வேண்டாம் என்று வாதாடி ஜெயித்தேன். மூன்று நிலையாகப் பிரித்தாயிற்று. 'இன்னும் கேட்கவில்லை' பட்டியல் தினமும் காலையில் வார்டு மருந்தாளுநருக்குப் போகிறது. அவரே கட்டிலுக்குப் போய்க் கேட்கிறார். முதல் வாரம் பட்டியல் எவ்வளவு நீளம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வயிறு எரிச்சலை எல்லாம் 'ஒத்துக்கொள்ளாதவை' என்று தனியாகப் பிரித்துவிட்டோம், அதற்குப் பெட்டி எழும்பாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒவ்வாமையும் மருந்துப் பட்டியலும் உள்ள ஒரு பக்கத்தை நோயாளியிடமே கொடுத்து, "தப்பு இருந்தால் பேனாவால் அடித்துத் தாருங்கள்" என்கிறோம். இது ஐந்து_ஃபைல் அவர்களைப் படித்ததில் தோன்றியது. அடித்துத் தருகிறார்கள்!

இன்னொன்றும் செய்தோம். ஹவாயில் ஒரு மருத்துவமனைக் குழுமம் 2017இல், பதிவேட்டில் எதெல்லாம் அர்த்தமில்லாத வேலை என்று ஊழியர்களிடமே கேட்டதாம். செவிலியர்கள் மணிக்கொரு முறை சுற்றி வந்ததைக் குறிக்கும் ஒரு வேலையைத் தூக்கியதில் மட்டும் நான்கு மருத்துவமனைகளில் மாதத்துக்கு 1,700 செவிலியர் மணிநேரம் மிச்சம். அதைச் சொல்லி எங்கள் வார்டிலும் ஒரு தாள் ஒட்டினேன், 'எந்த கிளிக் யாருக்காக?' என்று எழுதி. கணினியில் ஒட்டவில்லை, சுவரில். இரண்டு நாளில் நிரம்பிவிட்டது. முதல் வரியே, கைக்குழந்தைக்குப் புகைப்பழக்கம் உண்டா என்று திரை கேட்கிறது என்பதுதான்.

அட்டவணையில் இப்போது இரண்டு சிவப்பு. இயக்குநர் ஏன் என்று கேட்டார். @எண்ணிக்கை அவர்கள் இங்கே எழுதியதை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

#18 பழைய_ஸ்டெதாஸ்கோப்

சிஸ்டர், அந்தச் சுவர்த் தாளின் படத்தை அனுப்ப முடியுமா? எங்கள் வார்டிலும் ஒரு சுவர் காலியாக இருக்கிறது. காப்பி-பேஸ்ட்டை நானே முதல் வரியில் எழுதுகிறேன். நேற்று என் குறிப்பிலேயே ஒரு 'மூன்றாம் நாள்' கிடைத்தது.